தரையில் இருக்க வேண்டிய பாட்டில்

மொசைக் தரையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிற்பாடு நாங்கள் வீடு கட்டியபோது மேஸ்திரி, "மொசைக் போட்டுட்லாம்மா, சும்மா கண்ணாடியாட்டம் இருக்கும்" என்றார். "கண்ணாடி பாக்கணும்னா கண்ணாடியில பாத்துக்கறேன், எனக்கு சிமெண்டே போதும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதரின் முகம் சுண்டிப்போய்விட்டது. கண்ணாடி மாதிரித் தரை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. திருவள்ளூருக்கும் கடம்பத்தூருக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். காசநோய்க்காரர்களைக் காற்றாடப் படுக்க வைப்பதற்காகக் கட்டிய ஓட்டுக் கொட்டகைகளாகத்தான் அது ஆரம்பித்தது. ஊசி, மாத்திரை என்று வந்து காசநோய் கொஞ்சம் அடங்கியதும், நுரையீரலில் கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுக்கிற ஆபரேஷன், அப்புறம் இதய ஆபரேஷன் என்று வளர்ந்தது. நான் பட்டணத்தில் பொது அறுவை சிகிச்சை படித்து முடித்துவிட்டு, நெஞ்சைத் திறக்கிற வித்தையைக் கற்றுக்கொள்ள அங்கே போய்ச் சேர்ந்தேன். வீடு மணவாள நகரில். காலையில் ரொட்டியும் டீயும் வயிற்றில் விழுவதற்குள் கிளம்பிவிடுவேன்.

சேர்த்துக்கொள்வதற்கு முன் எங்கள் பெரிய டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெஞ்செலும்பை விரிக்கிறது வெங்காயம் உரிக்கிற வேலை இல்லம்மா" என்றார். "வெங்காயம் உரிச்சே பாக்காதவங்கதான் சார் அதை லேசுன்னு சொல்லுவாங்க" என்றேன். சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நம்பி மூன்று வருடம் அவரிடம் மாரடித்தேனே, அதைச் சொல்ல வேண்டும்.

கற்றுக்கொடுப்பதென்றால் அவருக்குத் திட்டுவது. நூலை நான் முடிச்சுப் போடும்போது கை நடுங்கினால் இடுக்கியால் விரல்முட்டியில் ஒன்று விழும். நெஞ்சுக்குழியின் ஆழத்தில், துடித்துக்கொண்டிருக்கிற ஒன்றின் மேல், இழுபடாமல் முடிச்சுப் போட வேண்டும். கொஞ்சம் இழுத்தால் சதை கிழிந்து ரத்தம் கூரைக்கு அடிக்கும். அதற்காக வீட்டில் அரிசி அளக்கிற படிக்குள் கையை விட்டு, பக்கச் சுவரில் விரல் படாமல் அடியில் நூலை முடிந்து முடிந்து பழகினேன். கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து தையல் போட்டுப் பார்த்தேன். எங்கள் அம்மா அதை ஒருநாள் அடுக்களையில் பார்த்துவிட்டு, "பொண்ணா பொறந்து இது என்னடி கண்றாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு, முறத்தோடு தூக்கித் தெருவில் எறிந்துவிட்டாள். தெரு நாய் சாப்பிட்டது என் தையலை.

பெரிய டாக்டரின் கைகள் தெய்வக் கைகள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே ஆகாது. நெஞ்சைத் திறந்து, இதயத்தைத் தொட்டு, மூடிவிட்டு வெளியே வந்து அவர் காபி குடிப்பதைப் பார்த்தால், ஏதோ தபாலாபீசுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருக்கும். கைதான் அப்படி. முதுகெலும்பு மட்டும் ரப்பர் குழாய்.

இந்தக் கதைக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு, விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு ரப்பர் குழாயை விட்டு வைப்போம். உள்ளே தேங்குகிற ரத்தமும் காற்றும் அது வழியாக வெளியேறும். குழாயின் மறுமுனை, தரையில் இருக்கிற ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். வெளிக்காற்று உள்ளே போகாமல் அந்தத் தண்ணீர்தான் பூட்டு. பாட்டில் எப்போதும் நோயாளியின் நெஞ்சைவிடத் தாழ்வில், தரையில் இருக்க வேண்டும். மேலே தூக்கினால் பாட்டிலில் இருப்பதெல்லாம் திரும்பி நெஞ்சுக்குள் போய்விடும். குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துப் பழகினவர்களுக்கு, பாட்டில் என்றாலே உயரத்தில் தொங்க வேண்டும் என்று தோன்றும். இது அப்படியே தலைகீழ். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேருகிற ஒவ்வொரு டாக்டருக்கும் நர்சுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான்.

அந்தப் பெண் பழவேற்காட்டு ஏரி ஓரத்துக் குப்பத்திலிருந்து வந்தாள். இருபது வயது இருக்கும். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதயத்தின் வால்வை ஒட்டவைத்துவிட்டிருந்தது. கல்யாணம் ஆகி, கர்ப்பம் தங்காமல் கலைந்து, "இந்த நோஞ்சான எவன் வெச்சிக் கஞ்சி ஊத்துவான்" என்று மாமியார் வீட்டார் அவளை அம்மாவிடமே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவளுடைய அம்மா புதுவாயல் கூட்ரோட்டில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. இருந்தது இந்த ஒரே பெண்.

"படுக்க வெச்சா மூச்சு முட்டுதும்மா. ராவெல்லாம் குந்திக்கினே தூங்குது, ஏரில கொக்கு நிக்கறாப்ல" என்றாள் அம்மாக்காரி என்னிடம்.

"ஆபரேஷன் பண்ணினா சரியாகும். ஆனா நெஞ்சைத் திறக்கணும்."

"தொறந்தா மூடத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்பொ சர்தான். மீன் அறுக்கறவளாண்ட கத்தியக் காட்டி இன்னாத்துக்கு பயமுறுத்தற?"

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

ஆபரேஷனன்று பெரிய டாக்டர் இடது நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேலறையில் காது மடல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நுனியைச் சுற்றிச் சுருக்குத் தையல் போட்டார். அந்த நுனியை வெட்டி, அதன் வழியாக விரலை உள்ளே விட வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. விரலால்தான் பார்க்க வேண்டும். விரல் நுழைந்ததும் ரத்த ஓட்டத்துக்குப் பாதி வழி அடைபடும். இதயம் நாலைந்து முறை துடிப்பதற்குள் வேலையை முடித்து விரலை எடுத்துவிட வேண்டும்.

அவர் தன் விரலை விட்டுப் பார்த்தார். ஒட்டியிருந்த வால்வில் பொத்தான் துளை அளவுக்குத்தான் இடைவெளி. அவருடைய தடித்த விரல் நுழையவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். "உன் விரல் சின்னது. வா" என்றார்.

என் ஆள்காட்டி விரல் உயிரோடிருக்கிற ஒரு இதயத்துக்குள் போனது. சூடு. கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் உள்ளங்கையில் துடிக்குமே, அந்தத் துடிப்பு, ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும். வால்வின் ஓரம் நகத்தில் தட்டியது. "அழுத்து" என்றார். அழுத்தினேன். காய்ந்த புளியங்காயின் ஓடு உடைகிற மாதிரி ஒரு சின்ன உணர்வு, வழி திறந்துகொண்டது. வெளியே எடுத்த விரலை என்னவோ வேறு யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தேன். பெரிய டாக்டர், "ம்" என்றார். அவரிடமிருந்து "ம்" வாங்குவது பத்மஸ்ரீ வாங்குவது மாதிரி.

மறுநாள் அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். குந்திக்கொண்டு இல்லை, சாய்ந்துகொண்டு. அம்மாக்காரி அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். "தூங்கறதப் பாத்து அழறியே" என்றேன். "நீ சும்மாரு டாக்டரம்மா, கல்யாணத்துக்குக்கூட எம்பொண்ணு இவ்ளோ அயகா இல்ல" என்றாள்.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பேக்டரிகள் வரப்போகின்றன என்று நிலம் அளந்துகொண்டிருந்த நேரம் அது. அது சம்பந்தமாக ஒரு பெரிய மனிதர் வரப்போவதாகவும், அதற்கு முதல் நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கான புது வார்டைத் திறந்து வைப்பதாகவும் ஏற்பாடு. புது வார்டுக்கு மொசைக் தரை. ஆஸ்பத்திரி டிரஸ்டின் தலைவர் தன் சொந்தச் செலவில் போட்டுக்கொடுத்தது. காலி வார்டைத் திறந்தால் போட்டோ நன்றாக இருக்காதாம். அதனால் திறப்பதற்கு முன்பே நோயாளிகளைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். இதய ஆபரேஷன் ஆன பெண் என்பதால் இவளை வாசலுக்கு நேராக, முதல் கட்டிலில் போட்டார்கள். கண்காட்சியில் பரிசு வாங்கிய பூசணிக்காயை முன்னால் வைப்பார்களே, அப்படி. அந்த வார்டில் நெஞ்சில் குழாயோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

காலையில் எங்கள் நிர்வாகி வந்து தரையைப் பார்த்தார். தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மேலே இருப்பவரைப் பார்த்தால் முதுகு தானாக வளையும், கீழே இருப்பவரைப் பார்த்தால் கை தானாக நீளும். பாட்டில் வைத்திருந்த இடத்தில் மொசைக்கின் மேல் வட்டமாகக் கறை விழுந்திருந்தது. பாட்டிலுக்குள் சிவப்பாகத் தண்ணீர்.

"என்னம்மா இது அசிங்கமா? வர்றவர் கண்ணுக்கு இதா மொதல்ல படணும்?" என்றார்.

"அது நெஞ்சுல இருந்து வர்ற ரத்தம் சார். பாட்டில் தரையிலதான் இருக்கணும்."

"ஒரு மணி நேரம்தானேம்மா. ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

"ஒரு நிமிஷம்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினா தண்ணி உள்ள போயிடும். செத்துப்போயிடுவா."

பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிர்வாகி வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் அவர் பாத்துக்குவார். நீ போய் வாசல்ல நில்லு. லேடி டாக்டர் பன்னீர் தெளிச்சா நல்லா இருக்கும்னு தலைவர் ஆசைப்படறார்."

பன்னீர்! முந்தாநாள் ஒரு இதயத்துக்குள் விரலை விட்டவளின் கையில் பன்னீர்ச் செம்பு. என் கூட வேலை பார்த்த ஆண் டாக்டர்கள் எல்லாம் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வார்டு சிஸ்டருக்கு ஆரத்தித் தட்டு. நெஞ்சுக் குழாய் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு ஜீவன்கூட வார்டுக்குள் இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் கண்ணில் படக் கூடாது என்று அம்மாக்காரியைப் பக்கவாட்டில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டுக்குத் துரத்திவிட்டார்கள். அவள் கையில் இருந்த தூக்குச் சட்டியைக்கூட வாட்ச்மேன் பிடுங்கி ஓரமாக வைத்தான். நான் வாசலில் இருந்து அதைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்கள் வந்தன. மாலை, மேளம், பன்னீர். அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் பன்னீரைக் கொஞ்சம் வேகமாகத்தான் தெளித்தேன். ஊர்வலமாக வார்டுக்குள் நுழைந்தோம்.

முதல் கட்டிலில் அவள் சாம்பல் நிறத்தில் இருந்தாள். வாய் திறந்திருந்தது. எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், தலையணையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். தரை பளபளவென்று இருந்தது. பாட்டில் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியின் மேல், பிளாஸ்டிக் ரோஜாப்பூ ஜாடிக்குப் பக்கத்தில், பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி மூடி, அவளுடைய தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. பாட்டில் கிட்டத்தட்டக் காலி.

பன்னீர்ச் செம்பை எங்கே எறிந்தேன் என்று தெரியாது. ரப்பர் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்து, அவளை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பிடியை விட்டதும் உள்ளே போனதெல்லாம் சிவப்பும் கலங்கலுமாகத் திரும்பி வந்தது. இருமினாள். என் வெள்ளைக் கோட்டு முழுக்க நுரை.

"என்ன ஆச்சு?" என்றார் வந்தவர்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா, கூட்டத்தைப் பாத்து பேஷண்ட்டுக்குக் கொஞ்சம் பயம்" என்றார் நிர்வாகி.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வந்தவரோடு அடுத்த கட்டிலுக்கு நடந்தார். நடந்தார்! இப்போது எழுதும்போதுகூட என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. பேச்செல்லாம் முடிந்து, கேசரி எல்லாம் சாப்பிட்டு, கார்கள் போன பிறகுதான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

அவள் அன்று சாகவில்லை. ஆனால் பாட்டிலில் கிடந்த அழுக்குத் தண்ணீர் நெஞ்சுக்குள் போனால் சும்மா இருக்குமா? காய்ச்சல் வந்தது. குழாயில் சீழ் வந்தது. ஒரு விலா எலும்பில் துண்டு வெட்டி எடுத்து, பெருவிரல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, தினமும் கழுவ வேண்டியதாயிற்று. நான் திறந்துவிட்ட வால்வு அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி நெஞ்சு அழுகிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்க வேண்டிய நிலை. வெளியே அனுப்பினால் குப்பத்தில் செத்துப்போவாள், அதில் சந்தேகமே இல்லை.

கழுவும்போது அவளே என்னிடம் சொன்னாள். "ஆயாம்மா தூக்கி வெச்சாங்க. டாக்டரம்மா கீழ வெக்கச் சொல்லிக்கீறாங்கன்னு சொன்னேன். மேனேஜர் ஐயா கதவாண்ட நின்னுக்கினு, 'சும்மா கெட, ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆவாது'ன்னாரு."

வந்துபோன பெரிய மனிதர், அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். அதோடு டிரஸ்ட் தலைவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தலைவர், பெரிய டாக்டர், நிர்வாகி, மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாட்டிலைத் தூக்கச் சொன்னது நிர்வாகி என்றேன். தூக்கக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னபோது பெரிய டாக்டர் கூடவே இருந்தார் என்றேன். பெரிய டாக்டர் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நோயாளியோட அம்மா வேற மாதிரி சொல்றாங்களே" என்றார் தலைவர்.

அம்மாக்காரியைக் கூப்பிட்டார்கள். கைகட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் கைகட்டி நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

"நான்தான் சாமி தூக்கி வெச்சேன். கீய கெடந்துச்சு, கால்ல தட்டிடப்போவுதேன்னு எடுத்து மேல வெச்சேன். எங்களுக்கு இன்னா தெரியும்? படிக்காத ஜனம்."

"அம்மா!" என்று கத்திவிட்டேன். "நீ அப்போ உள்ளயே இல்ல! சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்த! நான் பாத்தேன்!"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அந்த டாக்டரம்மா பொய் சொல்லுது சாமி" என்றாள்.

பெரிய டாக்டர் பேப்பர்வெயிட்டைக் கீழே வைத்துவிட்டு, "உறவினர்களின் அறியாமை. நாமதான் அவங்களுக்குப் புரியவைக்கணும்" என்றார், ஏதோ பெரிய மனது பண்ணி மன்னிப்பவர் மாதிரி. நிர்வாகி தலையை ஆட்டினார். முடிந்தது விசாரணை. என்னை அறுவை அரங்கிலிருந்து எடுத்து, புண்களுக்குக் கட்டுப்போடுகிற அறைக்கு அனுப்பினார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்மா இப்படிப் பண்ணின? உன் பொண்ணை இந்தக் கதிக்கு ஆளாக்கினவனைக் காப்பாத்தறியே, உனக்கு சூடு சொரணை இல்லையா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "காலைல அந்த மேனேஜரு வந்தாரு. நான் தூக்கனேன்னு சொன்னா, நல்லாவற வரிக்கும் பொண்ண இங்கியே வெச்சிப் பாப்பாங்களாம். இல்லாங்காட்டி இன்னிக்கே ஊட்டுக்கு இட்டுக்கினு போவணுமாம்."

"அதுக்குப் பயந்துட்டியா? நான் இருக்கேன்ல?"

"நீ இருந்து? உன் வேல போச்சுன்னா உனக்கு இன்னொரு ஆஸ்பத்திரி கெடைக்கும். எம்பொண்ணுக்கு இன்னொரு பெட்டு கெடைக்குமா, சொல்லு?"

அவளைப் பிடித்திருந்த கையை விட்டேன்.

"உன்ன பொய்காரின்னுட்டேன். மன்சுல வெச்சிக்காத. ஆனா இனிமே வாயத் தொறக்காத. உன் கோவம் உனக்கு, எனக்கு எம்பொண்ணு" என்றாள். போய்விட்டாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்து, மொத்தமும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கேதான் இன்றும் இருக்கிறது.

வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. பட்டணத்திலிருந்து மருத்துவ மாணவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாடம் கேட்க வருவார்கள். பெரிய டாக்டர் அவர்களை முதல் கட்டிலுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். நான் அப்போது அந்தப் பெண்ணின் நெஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாக்காரி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"இது என்ன கேஸ்? சீழ் கட்டின நெஞ்சு. காரணம்? பாட்டிலைத் தூக்கினது. தூக்கினது யாரு?" என்று கேட்டு, விரலை நீட்டினார். "இந்த அம்மா. மீன் விக்கறவங்க. பாசத்துல செஞ்சிருக்காங்க. அறியாமைதான் நம்ம நாட்டுல பெரிய வியாதி."

மாணவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குறித்துக்கொண்டார்கள். பாடமாக்கிவிட்டார் ஐயா, பாடமாக்கிவிட்டார்! செய்த பாவத்தை மறைத்தது ஒன்று. அதை அவள் தலையில் கட்டி, அவளை நிறுத்திவைத்தே பாடம் நடத்துவது இன்னொன்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையில் இருந்த கிண்ணத்தை அவர் மேல் வீசிவிடலாமா என்று இருந்தது. தலையைத் தூக்கினேன். அம்மாக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால், வேண்டாம் என்றாள். நான் குனிந்து, கழுவுகிற வேலையைப் பார்த்தேன்.

ஒவ்வொரு புது மாணவர் கூட்டத்துக்கும் இதே பாடம் நடந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கைகட்டி நின்றாள். ஒருதரம் ஒரு மாணவி, "ஏம்மா, இது கூடவா தெரியாது?" என்று அவளிடமே கேட்டாள். "தெரியலியேம்மா, முண்டம் நான்" என்றாள் இவள். என் பற்கள் அன்று உடையாமல் இருந்தது ஆச்சரியம்.

அந்தப் பெண் தேறினாள். சீழ் குறைந்தது, நுரையீரல் விரிந்தது, துளை மூடிக்கொண்டது. இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது. மாடிப்படியில் ஏறச் சொல்லி நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூச்சு வாங்காமல் ஏறினாள். மேலே நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் மூன்று வருடம் பெரிய டாக்டரிடம் திட்டு வாங்குவேன்.

வீட்டுக்குப் போகிற நாளன்று காலை. ஆஸ்பத்திரி முகப்பில் தகரத்தில் எழுதின ஒரு புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டரின் கார் அப்போதுதான் வந்து நின்றது. நிர்வாகி கதவைத் திறந்துவிட்டார். புதிதாக வந்த மாணவர்கள் படியில் நின்றிருந்தார்கள். அம்மாக்காரி பெண்ணைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே நின்றிருந்த குதிரைவண்டியில் ஏற்றினாள். மூட்டையைப் பக்கத்தில் வைத்தாள். "குந்திக்கினு இரு, தோ வரேன்" என்றாள். வண்டிக்காரனிடம் என்னமோ சொன்னாள். வண்டி கொஞ்சம் நகர்ந்து, ரோட்டில் போய் நின்றது. அதை நன்றாகப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு திரும்பி வந்தாள். இந்தத் தடவை கை கட்டவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"டாக்டரம்மா, அது இன்னா போர்டு? படி."

படித்தேன். "நோயாளியின் உறவினர்கள் பாட்டிலைத் தொடக் கூடாது."

"தொடாதவங்களுக்குப் போர்டு போட்டுக்கீறாங்க. தொட்டவங்களுக்கு எங்க போட்டுக்கீறாங்க?"

கூட்ரோட்டில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரல் அது. அத்தனை மாதமாக அந்தக் குரலை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. பலகை மாட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலேயே நின்றுவிட்டான்.

"ஏய், இது ஆஸ்பத்திரி. மரியாதையா வெளிய போ" என்றார் நிர்வாகி.

"போறேன்யா. எம்பொண்ணு கேட்டத் தாண்டிட்டா. இனிமே உன்னாண்ட எனக்கு இன்னா பயம்? உன்னாண்ட பேசறதுக்கு நான் வரல, நவுரு." அவரை ஒதுக்கிவிட்டு, பெரிய டாக்டரின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"சாமி, எம்பொண்ணு உசுரக் காப்பாத்தன உன் கைக்குக் கோடிக் கும்புடு. அது வேற. இது வேற. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும். சைக்கிள் நிறுத்தற எடத்துல, நாயோட நாயா நின்னுக்கினு இருந்தேன். என்னத் தொரத்தும்போது நீ வாசல்ல நின்னு பாத்த. பாத்தியா இல்லியா?"

பெரிய டாக்டர் தரையைப் பார்த்தார். மாணவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"நான் பொய் சொன்னேன் சாமி. எம்பொண்ணுக்கோசரம் சொன்னேன். பெத்தவ நான், இன்னும் நூறு சொல்லுவேன். நீ யாருக்கோசரம் சொன்ன?"

அந்தத் தெய்வக் கைகள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பெண் வண்டியில் தனியாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வேகமாக ரோட்டுக்குப் போய்விட்டாள்.